கயிற்றில் ஏறிய ஏழு பேர்

விழுப்புரம்
8.9.2025

அன்பு,

நீ என் நம்பரை பிளாக் செய்து நான்கு மாதம் ஆகிறது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் திண்டிவனம். நேரில் வர தைரியம் இல்லாததால் தபாலில் வருகிறேன். வீட்டுக்கு எழுதினால் அம்மா எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவாள் என்று நீ வேலை பார்க்கும் தியேட்டர் விலாசத்துக்கு அனுப்புகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே.

மே மாதம் நான் பேசியது தப்புதான். முழுக்கத் தப்பு என்று ஒப்புக்கொள்ள மட்டும் இன்னும் மனம் வரவில்லை. "அந்த ஆளு ஓடிப்போயி முப்பது வருஷம் ஆவுது, நீ இன்னும் டிவியில அவரு மூஞ்சியத் தேடிக்கினு இருக்கியா" என்று அம்மாவைக் கேட்டேன். நீதான் என் பையைத் தூக்கி வாசலில் வைத்தாய். சின்ன வயதில் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளை, என்னைப் பார்த்து "வெளிய போ" என்றாய். அது இருக்கட்டும்.

போன ஞாயிறு டிவியில் 'கணவாய்க் காவலன்' போட்டார்கள். எப்போதும் சேனலை மாற்றிவிடுவேன். இந்தத் தடவை, அம்மா இதே நேரம் அங்கே பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பில் நானும் பார்த்தேன். கோட்டையைப் பிடிக்கும் காட்சி உனக்கு ஞாபகம் இருக்கும். வீரர்கள் மலைப்பாறையில் கயிறு கட்டி ஏறுவார்கள். அம்மா விரலை நீட்டி "அதோ உங்கப்பா" என்பாளே, அந்த இடம். கடைசி ஆள். பச்சைத் தலைப்பாகை.

அன்பு, கயிற்றில் ஏழு பேர் ஏறுகிறார்கள். மேலே போய் நிற்பது ஆறு பேர்.

இத்தனை வருடமாக நாம் யாரும் எண்ணவில்லை. அப்பா முகம் வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்தோம்; முகம் போனதும் வேறு வேலைக்குப் போய்விட்டோம். நான் நூலகத்தில் வேலை செய்கிறவள். அடுக்கில் ஒரு புத்தகம் குறைந்தால்கூட என் கண்ணுக்குத் தெரியும். இது தெரியவில்லை.

தொண்ணூற்றைந்து ஆகஸ்டில், படத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்த விருத்தாசலம் நம் தெருவிலிருந்து நாற்பது பேரை லாரியில் ஏற்றி செஞ்சிப் பக்கம் படப்பிடிப்புக்குக் கூட்டிப் போனார். பதினோரு நாள் கழித்து முப்பத்தொன்பது பேர் திரும்பி வந்தார்கள். "இருதயராஜு கூலிய வாங்கிக்கினு பெங்களூர் போறேன்னாம்மா, கூட ஒரு பொம்பள இருந்துச்சு" என்று விருத்தாசலம் நம் வாசலில் நின்று சொன்னார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. நம்பினேன். பள்ளிக்கூடத்தில் ஓடிப்போனவன் பெண்ணு என்று சொன்ன ஒவ்வொருவர் முன்னாலும் அப்பாவைத்தான் வெறுத்தேன்.

அவர் எங்கேயும் போகவில்லை என்றால்? நீ பதினாறு வருடமாகப் படம் ஓட்டுகிற ஆபரேட்டர். இதற்கு ஏதாவது சாதாரணக் காரணம் இருக்கும். இருந்தால் எழுது.

ரோஜா

*

திண்டிவனம்
13.9.2025

அக்கா,

இந்தப் பேச்ச இதோட விடு. ஷூட்டிங்ல இதெல்லாம் சகஜம். காலைல ஏழு பேர வெச்சி எடுப்பான், சாப்பாட்டுக்கு அப்பால ஒருத்தன் வரமாட்டான், ஆறு பேர வெச்சி மிச்சத்த எடுப்பான். ஒரு படத்துல குதிரை வெள்ளையா போவும், திரும்பி வரும்போது கருப்பா வரும். அதுக்கெல்லாம் அழுதுக்கினு இருந்தா நாங்க தொழில் பண்ண முடியாது.

தியேட்டருக்கு லெட்டர் போடாத. உன் கவரு என் கைக்கு வரும்போது ஒட்டு பிரிஞ்சி இருந்துச்சி. ஓனர் மேசை மேல ரெண்டு நாள் கெடந்துருக்கு. ஓனர் யாருன்னு உனக்கு மறந்துபோச்சா? அதே விருத்தாசலம் தான். அவரு பேர எழுதி அவரு விலாசத்துக்கே அனுப்பி இருக்க.

எழுதியே ஆவணும்னா மாதா கோயில் எதிர்ல அம்சா ஜெராக்ஸ் கடைக்குப் போடு. கடைல இருக்கற அம்சா பிரிக்காம என் கைல குடுத்துடும். போன் வேணாம். அம்மா எப்பவும் பக்கத்துலயே இருக்கு.

அன்புச்செல்வன்

டிவியில எந்த நிமிஷத்துல வெட்டு விழுது? நீ பாத்தது விளம்பரத்தோடவா, இல்லாமலா?

*

விழுப்புரம்
18.9.2025

அன்பு,

குதிரை நிறம் மாறுவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, கையெழுத்துப் போட்ட பிறகு எந்த நிமிஷம் என்று கேட்கிறாய். சகஜமான விஷயத்துக்கு நிமிஷம் எதற்கு?

சொல்கிறேன். டிவியில் வரும் படம் விளம்பரம் போக இரண்டு மணி பதினெட்டு நிமிடம். அதில் கயிற்றுக் காட்சி வெறும் ஐந்து விநாடி. ஏழாவது ஆள் காலைப் பாறையில் வைக்கிறார். அடுத்த ஷாட்டில் மேலே கொடி நடுகிறார்கள், ஆறு பேர். இது தவிர யூடியூபில் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் யாரோ பழைய வீடியோ கேசட்டிலிருந்து ஏற்றியது. பதின்மூன்று நிமிடம் கூடுதல். ஒரு பாட்டு முழுசாக இருக்கிறது, அமைச்சர் துரோகம் செய்யும் காட்சி நீளமாக இருக்கிறது. கயிற்றுக் காட்சியும் நீளம்தான். ஏழு பேரும் பாதி உயரத்துக்கு வந்துவிடுகிறார்கள். கயிறு ஒரு பக்கமாக இழுபடுகிறது. கடைசி ஆளின் இடது கை கயிற்றை விடுகிறது. உடனே படம் ஒரு குலுக்கல் குலுங்கி, கதாநாயகன் குதிரையில் வருகிறான்.

மதியம் யாரும் இல்லாத நேரத்தில் நூலகக் கம்ப்யூட்டரில் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தலைப்பாகையின் முனை இடது தோளில் தொங்குகிறது. மற்ற ஆறு பேருக்கும் வலது பக்கம். அப்பாவுக்கு இடது கைப் பழக்கம். துண்டைக்கூட அப்படித்தான் கட்டுவார்.

அந்தக் கை விட்டபிறகு என்ன ஆயிற்று என்பதை மூன்று பேர் மறைத்திருக்கலாம், முப்பது பேர் மறைத்திருக்கலாம். எனக்கு அவர்களைப் பற்றிக் கவலை இல்லை. நீயும் அதில் ஒருத்தனா என்று மட்டும் சொல். மே மாதம் என் பையைத் தூக்கி வெளியே வைத்தபோது உன் முகத்தில் இருந்தது கோபம் என்று நினைத்தேன். நேற்று முழுக்க அந்த முகத்தையே யோசித்துக்கொண்டிருந்தேன். அது கோபம் இல்லை.

அக்கா

*

திண்டிவனம்
25.9.2025

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழிச்சிட்டேன். இது அஞ்சாவது.

சீனுவாசன் ஐயாவ உனக்குத் தெரியும். பழைய ஆபரேட்டரு. எனக்கு இந்தத் தொழில கத்துக் குடுத்தவரு. 2009ல வேலைய வுட்டு நிக்கும்போது என்னை கேபினுக்குள்ள கூப்ட்டு கதவ சாத்திக்கினு ஒரு தகர டப்பா குடுத்தாரு. தொறந்தா சுருட்டி வெச்ச ஃபிலிமு. முப்பத்தெட்டு அடி. ஓட்டுனா இருபத்தஞ்சி செகண்டு.

அப்பா தியேட்டருக்கு வெள்ளையடிக்க வருவாராம். அதனால ஐயாவுக்கு அவர நல்லா தெரியும். 96 பொங்கலுக்கு இந்தப் படம் வந்துச்சி. மொத நாள் காலைல பெட்டி வந்ததும் ஆள் இல்லாம ஒருதரம் ஓட்டிப் பாப்பாரு ஐயா. அப்ப பாத்துட்டாரு. ஆளும் தெரிஞ்சி போச்சி. கீழ எறங்கி வந்தா டிக்கெட் க்யூவுல அம்மா நிக்குது. உன்னை ஒரு பக்கம், என்னை ஒரு பக்கம் புடிச்சிக்கினு. படத்துல புருஷன் மூஞ்சி தெரியுதாம், பாத்தா எங்க போனான்னு ஏதாவது தெரியும்னு நம்பிக்கினு வந்திருக்கு. ஐயா திரும்ப மேல ஓடி அந்தத் துண்ட கத்தரிச்சி எடுத்துட்டு ரெண்டு முனையும் ஒட்டிட்டாரு. நாம பாத்தது ஒட்டுன படம்.

ஒரு வாரம் கழிச்சி விருத்தாசலம் வந்திருக்காரு. படக் கம்பெனில சொல்றாங்க, எல்லா ஊர்லயும் அந்தக் கயித்து சீன எடுத்துடணும், எடுத்த துண்ட என் கையில குடுக்கணும்னு. ஐயா ஒரு பாட்டுலேந்து அதே நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் குடுத்திருக்காரு. வெளிச்சத்துல புடிச்சிக் கூட பாக்காம சுருட்டி பாக்கெட்ல போட்டுக்கினு போயிட்டாராம். ஐயா மறைச்சி வெச்ச நெசத் துண்டு தான் டிவி படத்துலயும் கேசட்டுலயும் இல்லாதது.

ஐயா ஏன் சொல்லலன்னு கேப்ப. நானும் கேட்டேன். "பயம்டா. ரெண்டு பொண்ணு இருக்கு, குடியிருக்கறது தியேட்டர் வீடு. உங்கம்மா கிட்ட சொல்லணும்னு தான் வெச்சிருந்தேன். பதிமூணு வருஷம் ஓடிப்போச்சி" அப்டின்னாரு. மீதி ஆறு பேரும் கண்டாச்சிபுரம் பக்கத்து ஆளுங்களாம். நம்ம தெரு ஆளுங்கள அன்னிக்கு மலைக்கு அந்தப்பக்கம் கூட்டத்துல நிக்க வெச்சிருந்தாங்களாம். எங்க பொதச்சாங்கன்னு ஐயாவுக்கும் தெரியல. அவரும் போய்ச் சேந்துட்டாரு.

துண்ட நான் லென்ஸ் வெச்சிப் பாத்தேன். இடது கை வுடுது. அப்பால வலது கை. விழும்போது தலப்பா அவுந்து மேலயே மெதக்குது. ஒரு பாறை மறைச்சிடுது. கடைசி ரெண்டு செகண்டு வெறும் பாறை தான் அக்கா.

அதுக்கப்புறமும் அவரு கிட்டயே வேலை பாக்கறேன். பொங்கலுக்கு அவரு குடுக்கற வேட்டிய கட்டறேன். நீ என்னை இன்னா வேணா நெனச்சிக்க. எட்டு வயசுலேந்து எனக்குப் பசிக்கு பயம். அம்மாவுக்கு இன்னாவது ஆயிடுமோன்னு அத விட பயம். அம்மா இன்னும் ராத்திரி கதவ தாப்பா போடாம சாத்தி மட்டும் வைக்குது. உனக்கே தெரியும்.

இப்ப மெயின் விஷயம். புரொடியூசரோட பேரன் படத்த புதுப்பிச்சி அக்டோபர் 24 ரிலீஸ் பண்றான். எங்கியோ வெளிநாட்டுப் பிரிண்டு கெடச்சிதாம். 'முப்பது வருடம் யாரும் பார்க்காத காட்சிகள்'னு போஸ்டர் ஒட்டிட்டாங்க. 26ந் தேதி ஞாயிறு காலை காட்சில, படத்துல நடிச்ச உள்ளூர் ஆளுங்களுக்கு எல்லாம் ஓனரே சால்வை போடறாரு. அம்மாவையும் கூப்ட்டு இருக்காரு. "உன் புருஷன் ஓடிட்டாலும் நடிச்சவன் தானம்மா, நீ வந்து வாங்கிக்கோ"ன்னு வீட்டுக்கே வந்து சொன்னாரு. அவரு புதுசா வந்தத பாக்கல. எல்லாத் துண்டும் ஒழிஞ்சிதுன்னு நெனச்சிக்கினு இருக்காரு.

அம்மா நீலப் பொடவைய எடுத்து வெயில்ல போட்டிருக்கு.

அன்பு

*

விழுப்புரம்
30.9.2025

அன்பு,

உன் கடிதத்தை வீட்டில் வைக்கப் பயந்து நூலகத்தில் யாரும் தொடாத ஒரு அகராதிக்குள் வைத்திருக்கிறேன்.

உன்னைத் திட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுதிய இரண்டு வரியையும் அடித்துவிட்டேன். நீ பதினாறு வருடம் சுமந்தாய். நான் முப்பது வருடம் ஒரு செத்த மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் கல்லூரி விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அம்மாவிடம் மே மாதம் சொன்ன வார்த்தைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர் விழுந்துகொண்டிருக்கிறார், நான் ஓடிப்போனார் என்கிறேன்.

கல்லறைத் திருநாள் அன்று அம்மா செய்வதைக் கவனித்திருக்கிறாயா? தாத்தா கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி கொளுத்துவாள். பைக்குள் இன்னொரு மெழுகுவத்தி இருக்கும். அதை எடுக்க மாட்டாள். ஊரில் கல்லறை இல்லாதவர்களுக்கு எல்லாரும் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் ஏற்றுவார்கள். அம்மா அந்தப் பக்கமே போக மாட்டாள். ஒருதரம் கேட்டேன். "ஏத்துனா செத்துட்டாருன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்டி" என்றாள்.

அப்படிப்பட்டவளை முன்வரிசையில் உட்காரவைத்து, திரை அகலத்துக்கு அதைக் காட்டப் போகிறார்கள். அவளுக்கு அறுபத்தேழு வயது. ஏற்கெனவே ஒருமுறை மூச்சு நின்று ஜிப்மருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம்.

முன்னாலேயே சொல்லிவிடலாமா? யார் சொல்வது? எனக்குத் தைரியம் இல்லை. போகவே கூடாது என்று தடுத்தால் காரணம் கேட்பாள். சீனுவாசன் செய்தது போல அந்த இருபத்தைந்து விநாடியை நீ வெட்டிவிட முடியாதா?

அக்கா

*

திண்டிவனம்
7.10.2025

அக்கா,

வெட்ட முடியாது. இப்ப ஃபிலிமு இல்ல. ஒரு டிஸ்க் வரும், பூட்டு போட்டு வரும். சாவி மெயில்ல வரும், இந்தத் தேதிலேந்து இந்தத் தேதி வரைக்கும்னு. ஒரு செகண்ட கூட நாங்க தொட முடியாது. கத்தரிக்கோல் காலம் போச்சி.

ஒண்ணே ஒண்ணு பண்ணலாம். ப்ரொஜெக்டர்ல வெளிச்சத்த மட்டும் மறைக்கற பட்டன் இருக்கு. அமுக்குனா ஸ்கிரீன் இருட்டாவும். படம் உள்ள ஓடிக்கினே இருக்கும், சத்தமும் வரும். திரும்ப அமுக்குனா வெளிச்சம் வந்துடும். இருபத்தஞ்சி செகண்டு ஜனங்க விசிலடிப்பாங்க, "டேய் ஆபரேட்டரு"ன்னு கத்துவாங்க. எனக்கு அது பழக்கம் தான்.

இன்னொரு விஷயம். நேத்து ஓனர் கேபினுக்கு வந்தாரு. எப்பவும் வரமாட்டாரு. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாரு. "உங்கக்கா லைப்ரரில தான வேலை பாக்குது? பழைய படம்லாம் நெறைய பாக்குமாமே" அப்டின்னாரு. நான் தெரியலங்கன்னேன். "செஞ்சி ரோட்டுல ஸ்கூட்டில போச்சி, பாத்தேன். லாரி போற ரோடு. ஹெல்மெட் போட சொல்லு"ன்னு சிரிச்சிக்கினே எறங்கிப் போயிட்டாரு.

டப்பாவ எடம் மாத்திட்டேன். எங்கன்னு எழுத மாட்டேன்.

26ந் தேதி நீ வந்துடு. அம்மாவ வழி ஓரமா உக்கார வை. நீ பக்கத்துல இரு.

அன்பு

*

விழுப்புரம்
14.10.2025

அன்பு,

ஸ்கூட்டியை வீட்டிலேயே நிறுத்திவிட்டு ஒரு வாரமாக பஸ்ஸில் போகிறேன். பின்னால் எந்த பைக் ஹார்ன் அடித்தாலும் சுவர் ஓரம் ஒதுங்குகிறேன். நேற்று நூலகத்துக்கு ஒருவர் வந்து அரை மணி நேரம் பேப்பரைத் திருப்பாமல் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மறந்து வந்த யாரோ பெரியவராக இருக்கலாம். எனக்கு இப்போது யாரைப் பார்த்தாலும் இப்படித்தான்.

வருகிறேன். அம்மாவின் இடது பக்கம் உட்காருகிறேன்.

பட்டன் விஷயத்தில் சரி என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் ஒன்று குறுகுறுக்கிறது. கம்பெனி அதை வெட்டியது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. சீனுவாசன் வெட்டியது அம்மாவைக் காப்பாற்ற. இரண்டு கத்தரிக்கும் பிறகு அம்மாவுக்கு மிஞ்சியது ஒரே படம்தான், அதே ஓடிப்போன புருஷன்தான். இப்போது நாமும் அதே இடத்தில் கை வைக்கப் போகிறோம்.

வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இருட்டாக்கினாலும் பயம், காட்டினாலும் பயம். இதை உன் விரலில் விட்டுவிடுவது அக்காவுக்கு அழகில்லை என்று தெரியும். விட்டுவிடுகிறேன்.

ரோஜா

*

திண்டிவனம்
23.10.2025

அக்கா,

டிஸ்க் வந்துடுச்சி. இன்னிக்கு காலைல ஆள் இல்லாம ஓட்டிப் பாத்தேன், ஐயா மாதிரியே. ஒரு மணி நாப்பத்தேழாவது நிமிஷம். முழுசா இருக்கு. கழுவி வெச்ச மாதிரி இருக்கு. டப்பால கீறலா இருந்தது இதுல பளிச்சினு இருக்கு. கைய வுடறதுக்கு முன்னாடி அவரு கீழ குனிஞ்சி ஒருதரம் பாக்கறாரு.

நான் பட்டன அமுக்கிடுவேன். இத அம்மா பாக்கக் கூடாது.

இந்த லெட்டர் உனக்கு சனிக்கிழமைக்குள்ள வரணும். வரலன்னாலும் நீ வந்துடு.

அன்பு

*

புதுச்சேரி
29.10.2025

அக்கா,

நான் பத்திரமா இருக்கேன். யார் வீடுன்னு எழுதல. டப்பா என் கூட தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை சாயந்தரமே கேபின் பூட்ட ஒடச்சி தேடி இருக்காங்க, நம்ம வீட்டுக்கும் ரெண்டு பேரு வந்தாங்கன்னு அம்சா சொல்லி அனுப்புச்சி. நீ லீவு போட்டு அம்மா கூட இருக்கறதையும் சொல்லுச்சி. அதான் வீட்டு விலாசத்துக்கு எழுதாம அம்சா கடைக்கே எழுதறேன்.

எனக்கு ஒண்ணு தெரியணும். கேபின் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் எதுவும் சரியா கேக்காது. நான் வெளிச்சத்த மூடினேன். இருட்டுல ஜனங்க கத்தறது மட்டும் லேசா கேட்டுச்சி. திரும்ப வெளிச்சம் வந்தப்ப அம்மா எழுந்து நின்னுக்கினு கேபினையே பாத்துக்கினு இருக்கு. படம் முடிஞ்சதும் மேடை. அப்பால நீ படி ஏறி வந்து "திரும்பப் போடு அன்பு, மூடாத"ன்ன. நான் போட்டேன். என் கை எப்டி வேலை செஞ்சிதுன்னு எனக்கே தெரியல.

அந்த இருட்டுல அம்மா இன்னா சொல்லுச்சி?

அன்பு

*

திண்டிவனம்
3.11.2025

அன்பு,

மாலை மழைக்கு முன் எழுதி அம்சாவிடம் கொடுத்துவிட வேண்டும்.

இருட்டானதும் கூட்டம் விசிலடித்தது. ஒருத்தன், "டேய் ஆபரேட்டரு, கரண்டு பில்லு கட்டலியா" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். போர் முரசு மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. நான் அம்மா கையைப் பிடித்திருந்தேன். அவள் கை சில்லென்று இருந்தது.

"இன்னிக்கும் இதே எடம்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "இன்னாம்மா?" என்றேன்.

"அன்னிக்கு இந்த தியேட்டர்ல பாத்தப்பவும் இதே எடத்துல படம் ஒரு எகிறு எகிறிச்சி. டிவியிலயும் இதே எடத்துல தாவுது. இப்ப எம்புள்ள வெளக்க அணைக்கிறான். ஏன்டி எல்லாரும் அந்த எடத்துலயே மறைக்கிறீங்க?"

நாம் இரண்டு பதிப்பைப் பார்த்துவிட்டு பெரிதாகக் கண்டுபிடித்தோம். அவள் எல்லாவற்றையும் பார்த்தவள். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் தாவும்போது ரீல் பழசு என்று சமாதானம் செய்துகொண்டிருக்கிறாள். நீ விளக்கை அணைத்தபோதுதான் அவளுக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. நாம் காப்பாற்ற வைத்த கைதான் அவளுக்குச் சொல்லிவிட்டது.

மேடையில் நடந்தது உனக்குக் கண்ணாடி வழியே பாதிதான் தெரிந்திருக்கும். விருத்தாசலம் சால்வையை விரித்துக்கொண்டு, "ஓடிப்போன கலைஞரின் மனைவி" என்று மைக்கில் சொல்லிச் சிரித்தார். அம்மா சால்வையை வாங்கவில்லை. மைக்கின் பக்கம் குனிந்து, சந்தைக் கடையில் கேட்பது போலத்தான் கேட்டாள். "கயித்துல ஏழு பேர் ஏறுனாங்க. மேல ஆறு பேர் தான் நிக்கிறாங்க. ஏழாவது ஆளு எங்கங்க?"

"அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, கூட்டிக்கினு போங்க" என்றார் அவர். அப்போதுதான் அந்தப் பெரியவர் எழுந்தார். கண்டாச்சிபுரம் பச்சைமுத்து, கயிற்றில் ஆறாவது ஆள். போட்ட சால்வையை உருவி நாற்காலியில் வைத்துவிட்டு, "எனக்குக் கீழ தாம்மா வந்தாரு. அவரு கை என் காலைப் புடிக்க வந்துச்சி. நான் உதறிட்டேன். பயத்துல உதறிட்டேன்" என்றார். "எங்கே புதைத்தீர்கள்" என்று நான் கேட்டதற்கு, மலைக்கு மேற்கே ஒரு பாழடைந்த குளம் என்று மட்டும் சொன்னார். அதையெல்லாம் எழுதி விழுப்புரத்தில் எஸ்.பி. அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். பெரியவரும் வந்து கையெழுத்துப் போட்டார். தோண்டுவார்களா, எப்போது தோண்டுவார்கள் என்று தெரியவில்லை. டப்பாவை வக்கீலோடு வந்து நேரில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள்.

பிறகுதான் அம்மா என்னை உன்னிடம் அனுப்பினாள். நீ திரும்பப் போட்டதை அவள் நின்றுகொண்டே பார்த்தாள். அப்பா கீழே குனிந்து பார்க்கும் இடத்தில் "மாதாவே" என்றாள். அவ்வளவுதான். மூச்சு நிற்கவில்லை. மயங்கவில்லை. வெளியே வந்ததும், "பசிக்குது, இட்லி எதாவது வாங்கு" என்றாள். நாம் யாருக்குப் பயந்தோம், அன்பு?

நேற்று கல்லறைத் திருநாள். காலையில் அவள் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்தாள். வருடா வருடம் கொளுத்தாமல் திரும்பக் கொண்டுவந்த மெழுகுவத்திகள். தொண்ணூற்றாறிலிருந்து போன வருடம் வரை இருபத்தொன்பது. இந்த வருடம் வாங்கியதோடு முப்பது. திண்டிவனத்து வெயிலில் பழையவை வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. கத்தியால் மெதுவாகப் பிரித்தோம்.

பெரிய சிலுவையடிக்கு அவள்தான் முதலில் நடந்தாள். கேட்டுக்கு வெளியே பைக்கில் இரண்டு பேர் நின்றார்கள். படம் போட்ட ஞாயிறு வீட்டுக்கு வந்தவர்கள். நான் நின்றுவிட்டேன். அம்மா அவர்களைப் பார்த்தாள். "தீப்பெட்டி நமுத்துப்போச்சி, ஒங்க கிட்ட இருந்தா குடுங்கப்பா" என்று கேட்டாள். ஒருவன் முழித்தான். மற்றவன் லைட்டரை எடுத்து நீட்டினான். அவன் லைட்டராலேயே ஒவ்வொன்றாக ஏற்றினாள். வளைந்தவை நிற்கவில்லை, மண்ணைக் குவித்து நிற்க வைத்தோம். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் வந்து காற்றுக்குக் கை மறைத்தார்கள். நம் தெருவே வந்து நின்றது. இருபத்தொன்பது எரிந்தன.

முப்பதாவதை அவள் கொளுத்தவில்லை. புதிது, நேராக இருந்தது. முந்தானையில் சுற்றி மறுபடி பைக்குள் வைத்தாள். "அம்மா, அது?" என்றேன்.

"இது எலும்ப எடுக்கிற அன்னிக்கி" என்றாள்.

ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். அப்பா போன பிறகு அவள் தாழ்ப்பாள் போட்டது இதுதான் முதல் தடவை. அந்தச் சத்தத்துக்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வக்கீல் வியாழக்கிழமை வரச் சொல்கிறார். தனியாக வராதே, பச்சைமுத்து மகன் வேனில் வந்து கூட்டி வருவார். அதுவரை டப்பாவை ஈரம் படாத இடத்தில் வை. இங்கே மழை தொடங்கிவிட்டது.

அக்கா